நாலு நல்லது, ஒரு கெட்டது

ரிச்சர்ட் கர்டிஸுக்கு அப்போது வயது 34. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கடந்த 11 வருஷத்தில் தான் போய்வந்த கல்யாணங்கள் மொத்தம் 65 என்று தெரிந்தது. இங்கிலாந்தில் கல்யாணம் என்றால் பெரும்பாலும் கோடைகாலத்துச் சனிக்கிழமைதான். கிராமத்துத் தேவாலயம், புல்வெளியில் வெள்ளைக் கூடாரம், ஷாம்பெய்ன், மாப்பிள்ளைத் தோழனின் பேச்சு, பிறகு ஆட்டம். 65 கல்யாணம் என்பது ஒரு மனிதனுடைய இளமையின் கோடைச் சனிக்கிழமைகளில் கணிசமான பகுதி. அத்தனையிலும் அவர் விருந்தாளியாகவே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

அவற்றில் ஒரு கல்யாணத்தில், விருந்துக்கு வந்த ஒரு பெண் அவரைத் தன்னோடு வரச்சொல்லி அழைத்தாள். அவர் மறுத்துவிட்டார். ஏன் மறுத்தோம் என்ற வருத்தம் அதற்குப் பிறகு அவரை விடவே இல்லை. அந்த 65 கல்யாணமும் இந்த ஒரு மறுப்பும் சேர்ந்துதான் 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்' படத்துக்கு விதை. நாலு கல்யாணம், ஒரு சாவு. நம் வீடுகளில் 'நல்லது கெட்டதுக்குப் போய் நிற்கணும்' என்பார்களே, அந்த இரண்டு சொல்லுக்குள் இந்தப் படம் முழுக்க அடங்கிவிடும். படத்தில் வருகிற நண்பர் கூட்டத்தை நாம் அலுவலகத்தில் பார்ப்பதில்லை. அன்றாடத்தில் பார்ப்பதும் மிகக் குறைவு. நாயகன் சார்லஸ் என்ன வேலை செய்கிறான் என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. நல்லது கெட்டதில் கூடுகிறார்கள், கலைகிறார்கள். அவ்வளவுதான் கதையின் சட்டகம். 1994இல் வந்த இந்தப் படத்தோடுதான் இன்று உலகம் 'பிரிட்டிஷ் காதல் நகைச்சுவை' என்று சொல்கிற வகை பிறந்தது. அதன் முக்கிய உறுப்பான நாயகனும் இங்கேதான் பிறந்தான்: மனசில் இருப்பது வாய்க்கு வராத ஒருவன்.

மனசில் இருப்பதைச் சொல்ல முடியாத ஆண் அந்த நாட்டு சினிமாவுக்குப் புதியவன் அல்ல. 1945இல் டேவிட் லீன் எடுத்த 'ப்ரீஃப் என்கவுன்டர்' படத்தில், மணமான ஒரு பெண்ணும் மணமான ஒரு மருத்துவரும் ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் சந்தித்துக் காதலிக்கிறார்கள். கடைசிச் சந்திப்பில் அவளுக்குத் தெரிந்த ஒருத்தி குறுக்கே வந்து உட்கார்ந்து வளவளவென்று பேசுகிறாள். விடைபெற ஒரு சொல்கூட இல்லை. அவன் அவள் தோளில் ஒருமுறை கைவைத்து அழுத்திவிட்டுப் போகிறான். 1993இல் வந்த 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' படத்தில் ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்த பட்லர், தன்னோடு வேலை செய்கிற பெண்ணிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமலே முதுமை அடைகிறார். சொல்லாமை அங்கே ஒரு கௌரவம், அதனாலேயே அது துயரத்தில் முடியும். அந்தப் படத்தில் ஒரு சிறு வேடத்தில் வந்துபோன இளைஞன்தான் ஹ்யூ கிராண்ட். அதற்கடுத்த ஆண்டே அதே சொல்லாமையைச் சிரிப்பாக மாற்றப்போகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

கர்டிஸ் நியூசிலாந்தின் வெலிங்டனில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது ரோவன் அட்கின்சனோடு சேர்ந்தார். 'பிளாக்ஆடர்', 'மிஸ்டர் பீன்' எல்லாம் அந்தக் கூட்டணியில் வந்தவை. 1989இல் 'தி டால் கை' என்று ஒரு காதல் நகைச்சுவைப் படம் எழுதினார். லண்டனில் நடக்கிற அந்தக் கதைக்கு நாயகன் ஜெஃப் கோல்ட்ப்ளம் என்ற அமெரிக்கர். இரண்டாவதாக எழுத உட்கார்ந்தபோது கர்டிஸ் தன்னையே நாயகனாக வைத்தார். எழுதி முடிக்க 19 மாதம் ஆயிற்று, திரைக்கதை மொத்தம் 17 முறை திருத்தப்பட்டது. அவருடைய துணை எம்மா ஃபிராய்ட் ஒவ்வொரு படியையும் வாசித்து, 'இன்னும் நன்றாக எழுதலாம்' என்று பொருள்படும் மூன்றெழுத்துக் குறிப்பை ஓரத்தில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். இயக்குநராக வந்த மைக் நியூவெல் 'டான்ஸ் வித் எ ஸ்ட்ரேஞ்சர்' போன்ற கனமான படங்களை எடுத்தவர். அவருக்குச் சிரிப்பைவிட நிஜம் முக்கியம். பின்வரிசையில் நிற்கிற விருந்தாளிக்குக்கூட ஒரு வாழ்க்கை இருக்கவேண்டும் என்பார். திருத்தங்களில் பல அவர் மனசுக்காகச் செய்யப்பட்டவை. கர்டிஸிடம் வேடிக்கை இருந்தது, நியூவெல்லிடம் கசப்பு இருந்தது. இரண்டும் சரியாகக் கலந்ததால்தான் படம் முப்பது வருஷம் கடந்தும் புளிக்காமல் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பணம்தான் பெரும்பாடு. 1992இல் நடிகர் தேர்வு தொடங்கியது. நாயகனாக அலெக்ஸ் ஜென்னிங்ஸ் என்ற நாடக நடிகரைத் தேர்ந்தார்கள். அந்த ஆண்டின் நடுவில் நிதி கைவிட்டுப்போக, எல்லாம் நின்றது. 1993 தொடக்கத்தில் வொர்க்கிங் டைட்டில் நிறுவனம் கைகொடுத்தது. சேனல் 4 தொலைக்காட்சியின் திரைப்படப் பிரிவு எட்டு லட்சம் பவுண்டு போட்டது. 1982இல் தொடங்கிய அந்தத் தொலைக்காட்சி, தியேட்டருக்கும் தகுந்த சிறிய படங்களுக்குப் பணம் கொடுத்துப் பிரிட்டிஷ் சினிமாவுக்கு உயிர்த்தண்ணீர் வார்த்த நிறுவனம். இவ்வளவுக்குப் பிறகும், படப்பிடிப்பு தொடங்குகிற தறுவாயில் இன்னொரு பெரிய தொகை வெட்டப்பட்டது. கடைசியில் கையில் நின்றது ஏறக்குறைய 27 லட்சம் பவுண்டு. 36 நாளில் எடுத்து முடித்தாக வேண்டும்.

நாலு கல்யாணத்தையும் ஒரு சாவையும் அந்தப் பணத்தில் எப்படி எடுப்பது? கல்யாணம் என்றாலே கூட்டம், உடுப்பு, சாப்பாடு. துணை நடிகர்களைத் தங்கள் சொந்தக் கல்யாண உடுப்பிலேயே வரச்சொன்னார்கள். பிரபு குடும்பத்துக் கல்யாணத்துக்கு உண்மையான பிரபுக்களையே அழைத்துவந்தார் ஆம்பர் ரட் என்ற பெண். அவர்களிடம் அந்த நீள வால் கோட்டு வீட்டிலேயே இருக்கும், வாடகை மிச்சம். இதற்காகவே படத்தின் பெயர்ப்பட்டியலில் 'பிரபுக்கள் ஒருங்கிணைப்பாளர்' என்று அவருக்கு ஒரு வரி உண்டு. பிற்காலத்தில் அவர் பிரிட்டனின் உள்துறை அமைச்சரானார். பாதிரியாருக்கு இன்னொரு நடிகரைப் போடக் காசில்லாததால் ரோவன் அட்கின்சனே இரண்டு கல்யாணத்தில் வருகிறார். முதன்முறையாகக் கல்யாணம் செய்துவைக்கிற அந்த இளம் பாதிரியார் மணமக்களின் பெயரைக் குழப்பி, பரிசுத்த ஆவி என்று சொல்லவேண்டிய இடத்தில் பரிசுத்த ஆடு என்று சொல்லிவிடுவார். சிக்கனத்துக்காகச் செய்தது பொருத்தமாக விழுந்தது. நாக்குக் குழறுவதே கதையாகிப்போன படத்தில் பாதிரியாருக்கும் நாக்குக் குழறுகிறது.

இப்போது நாயகனிடம் வருவோம். ஜென்னிங்ஸ் கைகூடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் தேடியதில் ஏறக்குறைய 70 பேரைப் பார்த்தார்கள். கர்டிஸின் மனசில் இருந்தவர் ஆலன் ரிக்மன். அவர் தேர்வுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். ஹ்யூ கிராண்ட் அப்போது 32 வயதுக்காரர். அவரும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1987இல் 'மொரீஸ்' படத்துக்காக வெனிஸ் விழாவில் சக நடிகர் ஜேம்ஸ் வில்பியோடு நடிப்புக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அதற்குப் பிறகு சொல்லும்படியாக ஒன்றும் அமையாமல், நடிப்பையே விட்டுவிடலாம் என்ற நினைப்பில் இருந்தார். இந்தத் திரைக்கதை தபாலில் வந்ததும் ஏஜென்டுக்குப் போன் போட்டு, தவறாக எனக்கு அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது, இது நன்றாக இருக்கிறதே என்று கேட்டாராம்.

கர்டிஸ் அவரை ஏற்கவில்லை. காரணம் வினோதமானது: ஆள் மிகவும் அழகு. சார்லஸ் என்பவன் கர்டிஸ்தான். பெண்களிடம் பேசத் தடுமாறுகிற, கண்ணாடிக்குள் ஒரு நொடி தயங்கிப் பார்க்கிற சாதாரண ஆள். இப்படி ஒரு முகவெட்டுக்காரன் தடுமாறினால் யார் நம்புவார்கள் என்பது அவர் கவலை. நியூவெல்லும் தயாரிப்பாளர் டங்கன் கென்வொர்த்தியும் பேசிப்பேசி அவரைச் சம்மதிக்கவைத்தார்கள். பிறகு அந்த அழகைக் குறைக்கிற வேலை நடந்தது. தலைமுடியைப் பரட்டையாக விட்டார்கள், கண்ணாடி மாட்டினார்கள், உடம்புக்குப் பொருந்தாத தொளதொள உடுப்பு கொடுத்தார்கள். முடி மட்டும் கட்சி மாறிவிட்டது. நெற்றியில் விழுகிற அந்தப் பரட்டை முடி அடுத்த பத்து வருஷம் ஒரு அடையாளமாகவே நின்றது.

உண்மையான பிறப்பு நடந்தது வசனத்தில். கர்டிஸ் எழுதிய வாக்கியங்கள் சுற்றிச்சுற்றிப் போகும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, அதற்கு மன்னிப்புக் கேட்டு, மன்னிப்புக்கு ஒரு விளக்கம் சொல்லி, கடைசியில் தொடங்கிய இடத்தை மறந்துவிடுகிற வாக்கியங்கள். கிராண்ட் மனப்பாடம் செய்து துல்லியமாகப் பேசக்கூடியவர். நியூவெல் அவரிடம், தவறு விடு, வாக்கியத்தின் நடுவில் தடுக்கி விழு என்றார். கிராண்டுக்கு இதில் நம்பிக்கையே வரவில்லை. படப்பிடிப்பு முழுக்க மகரந்த ஒவ்வாமையால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தான் கேவலமாக நடிப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். எழுத்தாளனின் கூச்சம், இயக்குநரின் பிடிவாதம், நடிகனின் அவநம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியே வந்ததுதான் அந்தத் திக்கல். உலகம் அதை ஹ்யூ கிராண்டின் சொந்தக் குணம் என்று நினைத்தது. அவரோ, அது ரிச்சர்ட், நான் அல்ல என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது. எழுந்து ஓடுகிற சார்லஸும் அவன் தோழி ஸ்கார்லெட்டும் பேசுவது ஒரே ஒரு கெட்ட வார்த்தை, திரும்பத் திரும்ப. காதலைச் சொல்ல வராத நாக்கு இதற்கு மட்டும் தடுக்குவதில்லை. மாப்பிள்ளைத் தோழனாகப் போனவன் மோதிரத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கல்யாணத்தில்தான் கேரி என்ற அமெரிக்கப் பெண்ணைப் பார்க்கிறான். கர்டிஸ் தன் வாழ்க்கையில் மறுத்ததைச் சார்லஸ் மறுக்கவில்லை. வேறு வழியில் தவறவிடுகிறான். அவள் இன்னொருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்தபிறகு, லண்டன் தேம்ஸ் கரையில் தேசியத் திரைப்பட அரங்கத்துக்குப் பக்கத்தில் ஓடிவந்து நிறுத்தித் தன் காதலைச் சொல்கிறானே, அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் உள்ளங்கை வேர்க்கும். சொல்கிறான், இல்லை என்கிறான், ஏதோ ஒரு பாடகன் பெயரை இழுக்கிறான், மறுபடி சொல்கிறான். சொல்லி முடித்தபிறகும் சொன்னானா இல்லையா என்று அவனுக்கே சந்தேகம்.

கேரியாக வந்தவர் ஆண்டி மெக்டவல். முதலில் ஒப்பந்தமான ஜீன் டிரிபிள்ஹார்ன் தாயின் மரணத்தால் விலக நேர்ந்தது. மெக்டவல் 'கிரவுண்ட்ஹாக் டே' பட விளம்பரத்துக்காக லண்டன் வந்திருந்தபோது இந்தத் திரைக்கதையை வாசித்து, வழக்கமான சம்பளத்தில் கால்பங்குக்கு ஒத்துக்கொண்டார். அவர்மேல் குறையில்லை. பாத்திரம்தான் மெலிதாக எழுதப்பட்டிருக்கிறது. அவள் ஏன் போகிறாள், ஏன் வருகிறாள் என்பதை எழுத்தாளர் தனக்கே சொல்லிப்பார்த்ததாகத் தெரியவில்லை. ஆண் தடுமாறுகிற அழகில் மயங்கி, பெண்ணை அவன் பார்க்கிற பொருளாக மட்டும் நிறுத்திவிடுவது இந்த வகைப் படங்களோடு கூடவே பிறந்த குறை. ஆனால் இதே படத்தில் கறுப்பு உடுத்திய ஃபியோனா இருக்கிறாள். கிறிஸ்டின் ஸ்காட் தாமஸ் நடித்தது. பல வருஷமாகச் சார்லஸை நேசிப்பவள். அதை அவனிடமே நேராக, தடுமாறாமல் சொல்லிவிடுகிறாள். சொல்லும்போதே அதனால் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்லத் தெரிந்தவளுக்குக் கிடைக்கவில்லை. படத்திலேயே உயர்ந்த நடிப்பு அந்த அரை நிமிஷம்தான்.

மூன்றாவது கல்யாணம் கேரியின் கல்யாணம், ஸ்காட்லாந்தில். கண்ணைப் பறிக்கிற மேல்சட்டை போட்டு, கூட்டத்தையே தூக்கி நிறுத்தி ஆடுகிற நண்பர் கேரத், மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பு வந்து விழுகிறார். சைமன் கேலோ நடித்த பாத்திரம். அதோடு வெள்ளைக் கூடாரங்கள் மறைந்துபோகின்றன. சாவுக் காட்சியை எஸ்ஸெக்ஸில் வெஸ்ட் தரக் என்ற இடத்தில், தேம்ஸ் ஓரம் தொழிற்சாலையை ஒட்டி நிற்கிற செயின்ட் கிளெமென்ட்ஸ் என்ற பழைய கல்தேவாலயத்தில் எடுத்தார்கள். அத்தனை ஆடம்பரமாகப் பேசிய கேரத் எங்கிருந்து வந்தவர் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்தச் சாம்பல்நிற வானமும் புகைபோக்கிகளும் சொல்லிவிடுகின்றன.

இரங்கல் சொல்ல எழுந்து நிற்பவன் மேத்யூ. கேரத்தின் துணைவன். ஜான் ஹானா நடித்தார். தன் சொற்களால் சொல்ல முடியவில்லை என்று சொல்லி, ஆடன் என்ற கவிஞனின் வரிகளை எடுத்து வாசிக்கிறான். அந்தக் கவிதைக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. 1936இல் ஆடனும் கிறிஸ்டோபர் இஷர்வுட்டும் எழுதிய 'தி அசென்ட் ஆஃப் எஃப்6' நாடகத்தில் செத்துப்போன ஓர் அரசியல்வாதியைக் கேலி செய்ய எழுதப்பட்டது. பிறகு ஆடன் அதைத் திருத்தி ஒரு பாடகிக்கான பாட்டாக்கினார். கேலியாகப் பிறந்த அது, ஜான் ஹானாவின் தட்டையான, உடையப்போகிற குரலில் ஒப்பாரியாக மாறியது. படம் வந்தபின் ஆடனின் பத்துக் கவிதைகளைச் சிறுநூலாகப் பதிப்பித்தார்கள். இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

வெளியே வந்தபிறகுதான் சார்லஸுக்கு ஒன்று உறைக்கிறது. கல்யாணம் ஆகாத கூட்டம் என்று தங்களை நினைத்துக்கொண்டிருந்தார்களே, அவர்களுக்குள்ளேயே இரண்டு பேர் இத்தனை நாளும் கணவனும் கணவனுமாகத்தான் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் அன்பைச் சபையில் சொல்ல இடம் கிடைத்தது சாவில்தான். படம் வந்த 1994இல் பிரிட்டனில் இரண்டு ஆண்கள் மணந்துகொள்ளச் சட்டம் இல்லை. உள்ளூராட்சி அமைப்புகள் ஓரினக் காதலை 'ஊக்குவிக்க'க் கூடாது என்ற 1988ஆம் ஆண்டுப் பிரிவு அமலில் இருந்தது. அந்தக் காலத்து ஜனரஞ்சகப் படத்தில், எவரும் கண்ணைக் கசக்காத காதலை நாலு கல்யாணத்துக்கும் கொடுத்துவிட்டு, அரங்கமே அழுகிற காதலை இவர்களுக்கு வைத்தார்கள். நாலு கல்யாணத்துக்கும் மேலே அந்த ஒரு சாவை ஏன் தலைப்பில் வைத்தார்கள் என்பது எனக்கு அங்கேதான் புரிகிறது.

தலைப்புக்கும் ஆபத்து வந்தது. சாவு என்ற சொல்லோடு ஒரு காதல் படத்தை எப்படி விற்பது என்று அமெரிக்க விநியோகத் தரப்பு பயந்தது. 'உண்மைக் காதலும் நூலிழைத் தப்புகளும்', 'புனித இடங்களில் வெட்டியாக நிற்பது' என்பதுபோல மாற்றுப் பெயர்கள் யோசிக்கப்பட்டன. நல்லவேளை, எதுவும் ஒட்டவில்லை.

நாலாவது கல்யாணம் சார்லஸினுடையது. அவன் நேசிக்காத பெண்ணோடு. லண்டனில் செயின்ட் பார்த்தலோமியூ தி கிரேட் தேவாலயம், 12ஆம் நூற்றாண்டுத் தூண்கள். ஆட்சேபம் உண்டா என்று பாதிரியார் கேட்கிறார். சார்லஸின் தம்பி டேவிட் தட்டி ஒலி எழுப்புகிறான். டேவிட் காது கேளாதவன். நடித்தவரான டேவிட் பௌவரும் காது கேளாத நடிகர்தான். அவன் சைகை மொழியில் பேச, சபைக்கு அதை வாய்விட்டு மொழிபெயர்க்கவேண்டியவன் மாப்பிள்ளையே. மாப்பிள்ளை வேறொருத்தியை நேசிக்கிறான் என்று நினைக்கிறேன் என்று தம்பியின் கைகள் சொல்கின்றன. அதைத் தன் வாயால் சொல்லி, உண்மையா என்று பாதிரியார் கேட்க, அதற்குத் தானே பதிலும் சொல்லவேண்டும். கல்யாணச் சடங்கில் சம்மதம் சொல்கிற அதே இரண்டு சொல்லால் ஆமாம் என்கிறான். இரண்டு மணி நேரப் படத்தில் அவன் திக்காமல் சொன்னது அது ஒன்றுதான். மணப்பெண்ணின் குத்து முகத்தில் விழுகிறது.

ஒருவன் கவிஞனிடம் கடன் வாங்குகிறான், ஒருவன் தம்பியின் கையிலிருந்து எடுக்கிறான். இந்த இரண்டு காட்சியும் ஒன்றுக்கொன்று விடைசொல்லும்படி அமைந்திருப்பதால்தான் இதை வெறும் கல்யாண வேடிக்கையாக என்னால் பார்க்க முடியவில்லை.

மற்றது எல்லோரும் அறிந்த கதை. முதலில் அமெரிக்காவில் மார்ச் 1994இல் சில தியேட்டர்களில் வெளியிட்டு, பேர் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். மே மாதம் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் நடந்த முதல் காட்சிக்கு எலிசபெத் ஹர்லி பொன்னிற ஊக்குகள் கோத்த கறுப்பு உடுப்பில் கிராண்டோடு வந்திறங்க, மறுநாள் பத்திரிகை முழுக்க அதுதான். வெட் வெட் வெட் குழு இந்தப் படத்துக்காகப் பாடிய 1967ஆம் ஆண்டுப் பாட்டு பிரிட்டனில் 15 வாரம் முதலிடத்தில் நின்றது. உலகம் முழுக்க ஏறக்குறைய 24 கோடி டாலர் வசூல். அதுவரை எந்த பிரிட்டிஷ் படமும் அவ்வளவு சம்பாதித்ததில்லை. பாஃப்டாவில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், துணை நடிகை. ஆஸ்கருக்குச் சிறந்த படப் பட்டியலில் இடம்.

அச்சு வார்த்தாயிற்று, பிறகு அதில் பல உருவங்கள் வந்தன. 1999இல் 'நாட்டிங் ஹில்': புத்தகக் கடைக்காரனாக அதே கிராண்ட், அதே தயக்கம். வசூலில் பழைய சாதனையையும் முறியடித்தது. கரீபிய மக்கள் வாழ்ந்து உருவாக்கிய ஒரு பேட்டையின் பெயரை வைத்துவிட்டு அவர்களைத் திரையில் காட்டாமல் விட்டது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. 2001இல் 'பிரிட்ஜெட் ஜோன்ஸ் டைரி'யில் தயங்குகிறவன் வேடம் காலின் ஃபெர்த்துக்குப் போனது. கிராண்ட், வாய் வழுக்கிப் பேசுகிற ஏமாற்றுக்காரனாக வந்தார். பேசத் தெரிந்தவனை நம்பாதே என்று இந்த வகைப் படங்களுக்குள் ஒரு சட்டமே உருவாகிவிட்டது. 2003இல் கர்டிஸ் தானே இயக்கிய 'லவ் ஆக்சுவலி'யில் ஃபெர்த் போர்த்துக்கீசியம் கற்றுக்கொண்டுபோய்த் தப்புத்தப்பாகக் காதலைச் சொல்கிறார். இன்னொருவன் வாயே திறக்காமல் அட்டைகளில் எழுதிக் காட்டுகிறான்.

2019 மார்ச்சில், காமிக் ரிலீஃப் தொண்டு நிகழ்ச்சிக்காக கர்டிஸும் நியூவெல்லும் பழைய கூட்டத்தை மறுபடி ஒரு தேவாலயத்தில் கூட்டினார்கள். சிறிய படம்தான். 25 வருஷம் கழித்து இன்னொரு கல்யாணம். சார்லஸ் நரைத்திருக்கிறான், பரட்டை முடி இல்லை. பாதிரியார் அதே ரோவன் அட்கின்சன். கல்யாணப் பெண் சார்லஸின் மகள். அவள் மணப்பது ஃபியோனாவின் மகளை. சட்டப்படி, சபையறிய, இரண்டு பெண்கள். அந்தச் சபையில் ஜான் ஹானாவும் இருக்கிறார்.